ஏணிக்கு மூன்று காசு

மேலே தகரத்தில் சிரட்டை உரசுகிற சத்தம். கீழே ஏணியின் இரண்டு சட்டங்களையும் பிடித்துக்கொண்டு நான். ஊறிப்போன இலையும் கறுத்த தண்ணீரும் என் தலைத்துணியில் சொத்துச் சொத்தென்று விழுகின்றன. கொஞ்சம் கழுத்து வழியாக முதுகுக்குள்ளும் இறங்குகிறது. பொந்தியான் என்றால் எனக்குக் கடற்கரையோ கடைத்தெருவோ நினைவுக்கு வராது. பெரிய கிராணியார் வீட்டு வாசலும் அந்த இலை வாடையும்தான் வரும். மற்றவர்களுக்குக் குமட்டும். எனக்கு அது சோறு போட்ட வாடை.

நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் இந்தத் தொடரை எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறவள். முதல் பத்தியிலேயே இரண்டு தடவை வாடை வந்துவிட்டது என்கிறாள். வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "இத்தனை வாரமாக உங்கள் கணவரை அவர், அவர் என்றே எழுதுகிறீர்களே, அவருக்குப் பெயரே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார்.

உண்டு, தாயே. நல்ல பெயர்தான். ஆனால் பெண்டாட்டி புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் "புருஷன் பேரு என்ன?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிறவளை இடித்து, "நீ சொல்லேன்டி" என்போம். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. குறைவதற்கு இனி ஆயுசு இல்லை. ஆனாலும் நாக்கு எழ மாட்டேன் என்கிறது.

நான் முதன்முதலாக அந்தப் பெயரைச் சொன்னது மேலே சொன்ன கிராணியார் வீட்டில்தான். அதைச் சொல்ல வேண்டுமானால் தகரம் சுரண்டின கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

மழையைக் குடித்த ஊர்

ரப்பர் விலை விழுந்து, பெக்கான் நானாஸ் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த தோட்டத்தில் ஆள் குறைத்தபோது பாதிப் பேர் சொந்த ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர் போக மாட்டேன் என்றார். "அங்க யாரு நமக்கு இலை போட்டு வச்சிருக்காங்க?" என்று கேட்டார். ஒரு சட்டி, இரண்டு பாய், ஒரு மண்வெட்டியோடு பொந்தியானுக்கு வந்து, ஒரு மலாய்க்காரர் வீட்டுப் பின்னால் ஒற்றை அறையில் குடியேறினோம்.

அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஆகவே ஊரே மழையைத்தான் குடித்தது. கூரையில் விழுகிற மழை தாழ்வாரத்துத் தகரக் கால்வாயில் ஓடி, குழாய் வழியாகத் தொட்டிக்கு வரும். சிலோன்காரர்கள் அந்தக் கால்வாயைப் பீலி என்பார்கள். பெயர் எதுவானாலும் அதில் இலை அடைத்துக்கொண்டால் குடிதண்ணீர் கெட்டது. கொசுப் புழு வேறு பிடிக்கும். சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அபராதம் எழுதிவிட்டுப் போவார்.

ஒரு நாள் ஒரு சீனர் கடையில் பீலி நிரம்பி அரிசி மூட்டை மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கத்திக்கொண்டு நின்றார். வேலை தேடிப்போன எங்கள் வீட்டுக்காரர் ஒரு பீப்பாய் மேல் ஏறி, வெறுங்கையால் அள்ளிப் போட்டார். பத்துக் காசும் ஒரு பொட்டலம் நெத்திலியும் கிடைத்தன. வீட்டுக்கு வந்து, "இனிமே இதான் நம்ம வேலை" என்றார். நெத்திலி நல்ல நெத்திலி என்பதால் நானும் சரி என்றேன்.

சாயம் பூசுகிற ஒரு சீனர் ஊருக்குத் திரும்பிப் போகிற நேரம். என் காதுத் தோட்டைக் கொடுத்து அவருடைய மூங்கில் ஏணியை வாங்கினோம். பதினாலு படி. சட்டமெல்லாம் பச்சைச் சாயம் சிந்திக் கிடக்கும். ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் முன்னால் அவர், பின்னால் நான். அவர் வேண்டுமென்றே வேகமாகத் திரும்புவார், நான் பின்னால் இழுபட்டு ஓடுவேன். அந்த விளையாட்டு எங்களுக்கு அலுத்ததே இல்லை.

தொப்புள் கணக்கு

இரும்புக் கரண்டியால் சுரண்டினால் தகரம் கீறி ஒழுகும். அதனால் தேங்காய்ச் சிரட்டையைப் பாதியாக அறுத்து, விளிம்பைத் தேய்த்து வைத்துக்கொண்டார். பீலியின் வளைவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அள்ளியதைப் போட ஒரு மண்ணெண்ணெய் டின், அதை ஏணியில் மாட்ட ஒரு கொக்கி. பாதி என் தலையில் விழும் என்பது வேறு விஷயம். முடித்ததும் ஒரு முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மறு முனையில் தெளிவாக வருகிறதா என்று வீட்டுச் சொந்தக்காரருக்குக் காட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

ஏறுவது அவர், பயப்படுவது நான். அதனால் சட்டதிட்டம் போடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஏணியின் காலடியில் என் கால்விரலை வைத்து நிமிர்ந்து நின்று கையை நீட்டினால், உள்ளங்கை படியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஏணி சாய்வு சரியில்லை. பொந்தியான் மண் மேலே புல், கீழே சேறு. ஆகவே ஏணிக்கு அடியில் பலகை போடாமல் ஏறக்கூடாது. ஏறியதும் முதல் வேலை, ஏணித் தலையைப் பீலியைத் தாங்குகிற இரும்போடு கயிற்றால் கட்டுவது. இலைக்குள் பூரான் இருக்கும், கூரை இடுக்கில் குளவி இருக்கும். குச்சியால் கிளறாமல் கையை விடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே தொப்புள் கணக்கு. எட்டி எட்டிச் சுரண்டும்போது அவருடைய தொப்புள் ஏணிச் சட்டத்தைத் தாண்டி வெளியே போகக்கூடாது. எட்டவில்லையா, இறங்கி ஏணியை நகர்த்து. இதைச் சொன்னபோது, "கீழே நின்னு என் தொப்புளையே பாத்துக்கிட்டு இருப்பியா?" என்று கேலி செய்தார். ஆமாம், அப்படித்தான் நின்றேன்.

முகம் பார்த்து விலை

விலை பேசுவதில் அவர் சுத்த மோசம். கூரையைப் பார்க்க மாட்டார், வீட்டுச் சொந்தக்காரர் முகத்தைப் பார்ப்பார். முகம் வாடியிருந்தால் பாவம் என்று இருபது காசு, சிரித்தால் நல்ல மனுஷன் என்று பதினைந்து காசு. இரண்டு பக்கமும் நமக்கு நட்டம்தான்.

மலாய்க்காரர்கள் போரோங் என்பார்கள். மொத்த வேலைக்கும் ஒரே விலை. அப்படிப் பேசிய வீடுகளில் அவர் உடம்பே வேறு மாதிரி ஆகிவிடும். ஏணியை நகர்த்துகிற நேரமெல்லாம் வீண் என்று தோன்றும்போல. ஒரு முழம் எட்டுவார், பிறகு இன்னும் ஒரு சாண். ஒரு துணிக்கடையில் அப்படி எட்டப்போய், கால் நழுவி, இரண்டு படி சறுக்கி, முழங்காலில் தோலெல்லாம் உரிந்து வந்தார். மஞ்சள் அரைத்துப் போடும்போது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

அன்றைக்குத்தான் யோசித்தேன். வீட்டுக்கு விலை பேசினால் ஏணி நகராது. ஏணிக்கே விலை பேசினால்? ஒரு தடவை ஏணி வைத்தால் மூன்று காசு. எத்தனை தடவை வைக்கிறோமோ அத்தனை மூன்று காசு.

"அடிக்கொருதரம் ஏணியை நகத்திக் காசு புடுங்குறோம்னு சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார்.

அதற்கும் வழி வைத்திருந்தேன். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அதுதான் ஒரு ஏணி நகர்த்துகிற தூரம். அதற்குக் குறைத்து நகர்த்துவதில்லை. என் வெற்றிலைப் பையில் இருக்கும் சுண்ணாம்பை விரலில் தொட்டு, ஏணி நின்ற இடத்துக்கு நேரே சுவரடியில் ஒரு பொட்டு வைப்பேன். வேலை முடிந்ததும் வீட்டுச் சொந்தக்காரர் சுற்றி வந்து பொட்டை எண்ணிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் கையை விரித்து அளந்தும் பார்க்கலாம்.

அந்த முதல் அரிசிக்கடைக்காரர் பொட்டைப் பார்த்து ஏதோ மந்திரம் என்று நினைத்துவிட்டார். அந்த மாதம் வியாபாரம் வேறு நன்றாக நடந்திருக்கிறது. அடுத்த முறை போனபோது பழைய பொட்டை அழிக்காமல் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நாங்களும் மறுக்கவில்லை.

கிராணியார் வீடு

அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வரிசையில் பதினாலு வீடு. முதல் வீடு பெரிய கிராணியாருடையது, அதாவது ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவுடையது. சிலோன்காரர், வெள்ளை வேட்டி, தங்கக் கண்ணாடி. பேச்சு அளந்துதான் வரும். வாசலில் ஒரு பெரிய அங்சானா மரம். பூத்தால் ஒரே நாளில் அத்தனை மஞ்சள் பூவையும் கூரை மேல் கொட்டிவிட்டுத்தான் ஓயும்.

அந்த வருஷம் மூன்று வாரமாக மழையில்லை. பூ பீலியில் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. நான் வேறொரு வீட்டில் துணி துவைக்கப் போயிருந்த நேரம் கிராணியார் எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வேலை சுத்தமாக இருந்தால் பதினாலு வீட்டையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்களுக்கே கொடுக்கச் சொல்வாராம். ஆனால் ஏணிக் கணக்கெல்லாம் அவருக்குச் சரிப்படாது. முழு வீட்டுக்கும் ஐம்பது காசு.

எங்கள் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். என்னிடம் வந்து சொன்னபோது கண்ணைப் பார்க்கவில்லை.

"பதினாலு வீடு. வருசம் பூராச் சோறு. ஒரு தடவை போரோங்குக்குச் செஞ்சா குடியா முழுகிடும்?"

பதினாலு வீடு என்றதும் என் ஆசையும் கொஞ்சம் வாயை அடைத்தது. அதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் போனோம். கிராணியார் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இஞ்ச பார் பிள்ளை, தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை. கடல் பக்கம் கறுக்குது. மழை வாறதுக்கு முதல் கெதியாச் செய்து தாங்கோ."

மேற்கே உண்மையாகவே கறுத்திருந்தது. காலை நேரத்தில் கடலைத் தாண்டி வருகிற சுமத்ராக் காற்று. வந்தால் அரை மணி நேரம் ஊரை உலுக்கிவிட்டுப் போகும்.

சுண்ணாம்புப் பை என் இடுப்பிலேயே இருந்தது. அன்று பொட்டு வைக்க வேலையில்லை.

காற்று

மூன்று பக்கம் முடிந்தது. பயந்ததுபோலவே எட்டி எட்டித்தான் சுரண்டினார். இரண்டு தடவை சொன்னேன். "நீ சட்டத்தைப் பிடி" என்றார். மூன்றாவது பக்கத்திலேயே ஏணித் தலையைக் கட்டுவதை நிறுத்திவிட்டார். "கட்டி அவுக்கிற நேரத்துல மழை வந்துரும்."

கடைசி மூலை குளியலறைப் பக்கம். அங்கே மண் எப்போதும் ஈரம். பலகை போட்டுத்தான் ஏணி வைத்தோம். காற்று தொடங்கிவிட்டது. கூரைத் தகரம் தடதடவென்று அடித்தது. மூலையில் ஒரு கை நிறையப் பூக்கட்டி பாக்கி. ஏணியை ஒரு தடவை நகர்த்தினால் போதும். அவர் நகர்த்தவில்லை. இடது காலைப் படியிலிருந்து எடுத்தார். உடம்பை வளைத்தார். தொப்புள் சட்டத்தைத் தாண்டிவிட்டது.

வலது பக்கம் பலகை மெதுவாக மண்ணுக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். என் பாரம் முழுவதையும் இடது சட்டத்தில் தொங்கவிட்டேன். போதவில்லை. ஏணி என் கைக்குள்ளேயே சாய்கிறது.

"ஏங்க!" என்று கத்தினேன்.

காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. விறாந்தையில் நின்ற கிராணியார், "என்ன பிள்ளை?" என்றார்.

"ஏங்க! ஏங்க!"

சிரட்டை இன்னும் உரசிக்கொண்டேயிருந்தது. அந்த ஒரு நொடியில் என் அம்மா சொன்னது, ஆயுசு, பதினாலு வீடு எல்லாம் மண்டைக்குள் சுழன்றது. பிறகு என் வாயிலிருந்து என் குரல் என்று நானே நம்பாத ஒரு குரல் வந்தது.

"முனுசாமி! எறங்குடா!"

மகள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். டாவை எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறாள். எடுக்காதே. அப்படித்தான் வந்தது.

யாரோ முதுகில் அறைந்ததுபோல அவர் நிமிர்ந்தார். உடம்பு ஏணிக்கு நடுவே திரும்பியது, இரண்டு கையும் சட்டத்தைப் பிடித்தன. ஏணி அந்த அளவில் சாய்வதை நிறுத்தியது. படபடவென்று இறங்கினார். அவர் கால் மண்ணில் பட்டதும் நான் கையை விட்டேன். ஏணி சரிந்து, கிராணியார் மனைவி ஆசையாய் வளர்த்த பூந்தொட்டி மேல் விழுந்து அதைத் தூளாக்கியது. அவர் விழுந்திருக்க வேண்டிய இடம் அது. பூந்தொட்டிக்குப் பக்கத்திலேயே துணி துவைக்கிற கல் இருந்தது.

மழை கொட்டியது. நான் அந்த மழையிலேயே உட்கார்ந்து அழுதேன். தப்பித்துவிட்டார் என்று அழவில்லை. பெயரைச் சொல்லிவிட்டேனே, இனி என்ன ஆகுமோ என்றுதான் அழுதேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது மலை மாதிரி பாரம்.

அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"சத்தமாத்தான் கூப்பிட்ட," என்றார். முகத்து மழையை வழித்துவிட்டு, "டா வேற" என்றார்.

அதற்குள் கிராணியார் குடையோடு வந்துவிட்டார். "ஒரு மூலை மிச்சம் கிடக்கு. பூந்தொட்டியும் உடைஞ்சு போச்சு. பேசின காசு முழுக்கத் தர ஏலாது."

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "காசே வேணாங்கய்யா. தொட்டிக்கு வச்சிக்குங்க. நாளைக்கு வந்து அந்த மூலையை முடிச்சிக் குடுக்கிறேன். அதுக்கப்புறம் இந்த வரிசையில நாங்க ஏணி வச்சா ஏணிக்கு மூணு காசு. இஷ்டமில்லேனா வேற ஆளைப் பாருங்க."

பதினாலு வீடும் மழைத் தண்ணீரோடு ஓடுகிறதே என்று நினைத்தேன். தடுக்கவும் மனம் வரவில்லை. முகத்தைப் பார்த்து விலை சொல்கிற மனிதர் முதல்முறையாக யார் முகத்தையும் பார்க்காமல் விலை சொன்னார்.

பதில் விறாந்தையில் நின்ற கிராணியார் மனைவியிடமிருந்து வந்தது.

"இஞ்சேருங்கோ, அவள் புருஷன்ர பேரைச் சொல்லிக் கத்தினதைக் கேட்டனீங்கள்தானே? அம்பது காசுக்காக ஒரு பொம்பிளை அப்பிடிக் கத்த வேணுமோ?"

அந்த அம்மாளும் வாழ்நாளில் தன் கணவரை இஞ்சேருங்கோ என்பதைத் தவிர வேறு பெயரால் கூப்பிட்டிருக்க மாட்டார். அவருக்குத்தான் அந்தக் கத்தலின் விலை தெரிந்திருந்தது. கிராணியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சுரண்டி முடித்த மூன்று பக்கத்திலிருந்தும் மழைத் தொட்டிக்குள் தண்ணீர் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது.

பதினாலு வீடும் கேட்ட பெயர்

மூன்று மாதம் கழித்துப் பதினாலு வீடும் வந்தது. ஏணிக்கு மூன்று காசு. கிராணியார் குடையைத் தரையில் தட்டித் தட்டித் தம் வீட்டு இருபத்தாறு பொட்டையும் தாமே எண்ணினார். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு சுற்றும் வந்தார். இருபத்தாறுதான்.

முதல் பொட்டை வைத்தது நானல்ல. என் வெற்றிலைப் பையை வாங்கி எங்கள் வீட்டுக்காரரே சுண்ணாம்பு தொட்டு வைத்தார். வைத்துவிட்டு, படியில் கால் வைக்கும் முன்னால் மெதுவாகச் சொன்னார்.

"இந்தா, நான் ஏணி மேல நிக்கிறப்ப பேரைச் சொல்லியே கூப்பிடு. அங்க நின்னா ஆயுசு குறையாது. கால் மண்ணுல பட்டுச்சுனா பழையபடி."

எந்தச் சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்த வரிசை முழுக்க என் குரல் கேட்டது. முனுசாமி, தொப்புள். முனுசாமி, கயிறு. முனுசாமி, போதும். அவர் இறங்கியதும், "ஏங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்பேன். கிராணியார் மனைவி விறாந்தையில் நின்று சிரிப்பார். தோட்டத்து முனீஸ்வரர் கோயிலைக்கூட எல்லைச்சாமி கோயில் என்று மாற்றிச் சொல்லி வந்தவள் நான். ஏணி மட்டும்தான் எனக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது.

இரண்டு படி

பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. தொட்டிகளை இடித்தார்கள். பீலி அடைத்தால் அடைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். நாங்களும் வேறு வேலைக்குப் போனோம், பிள்ளைகளை வளர்த்தோம். கடைசியில் மகனோடு மாசாய் என்கிற ஊரில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். ஏணியை எறிந்துவிடலாம் என்று மகன் சொன்னான். அவர் விடவில்லை. பச்சைச் சாயம் உதிர்ந்த அந்த ஏணி பின்வாசலில் அவரைக் கொடி படரச் சாய்ந்து நின்றது.

அவர் போவதற்கு முந்தின வருஷம். ஒரு சாயங்காலம் துணி எடுக்கப் பின்வாசலுக்குப் போனேன். அவர் ஏணியில் இரண்டாம் படியில் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வலியோடு எப்படி ஏறினாரோ தெரியவில்லை. இரண்டு கையும் சட்டத்தில். முகம் கொடிப் பக்கம்.

"இந்த வயசுல எதுக்கு இதுல ஏறுறீங்க? காய் வேணும்னா நான் பறிக்க மாட்டேனா?" என்றேன்.

"காய்க்கு ஏறல," என்றார்.

பிறகு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "கூப்பிடேன்" என்றார்.

துணியைக் கீழே போட்டேன். பழக்கம் போகவில்லை, முதலில் ஏணியின் இரண்டு சட்டத்தையும் பிடித்தேன். தொப்புள் நடுவில்தான் இருந்தது.

"முனுசாமி," என்றேன். சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன். "முனுசாமி, எறங்குடா."

அவர் உடனே இறங்கவில்லை.